திண்ணை வாத்தியாரின் சுமை

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டே அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும் வழியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, அதேபோல மணலில் எழுதக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர் அது நடக்காத காரியம் என்றார். பெல் அந்த வகுப்பை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார். ஜான் ஃபிரிஸ்கென் என்ற அந்தச் சிப்பாய் மகன் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். எழுத்து ஏறியது.

பெல் 1796இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டே இதைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். மணலைப் பரப்பிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அந்தத் தமிழ் வாத்தியாரின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெல்லின் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த வாத்தியாரிடம் போய் நிற்கும். காலையில் என்ன சாப்பிட்டிருப்பார்? வீட்டில் நெல் இருந்ததா? தொண்டை எப்படி இருந்தது? கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் பாடத்திட்டத்தை எழுதுகிறார்கள், பள்ளிகளின் எண்ணிக்கையை எழுதுகிறார்கள். வாத்தியாரின் உடம்பையும் மனசையும் எழுதுவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் தரம் கடைசியில் அங்கே போய்த்தான் முட்டுகிறது என்பது என் அனுபவம்.

என் அம்மாவின் அப்பா கொள்ளிடக் கரை ஊர் ஒன்றில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். 1940கள் வரை அந்தத் திண்ணை ஓடியது. நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தபோது தாத்தா இருந்தார். பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தந்த உளவியலையும் பாடக்குறிப்பையும் அவரிடம் சொல்வேன். அவர் தன் திண்ணையைப் பற்றிச் சொல்வார். அப்படிக் கேட்டதிலிருந்தும், பிறகு படித்ததிலிருந்தும் அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டது.

விடியும்போதே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை மணலில் அ, ஆ எழுதும். கொஞ்சம் முன்னேறியது ஓலையும் எழுத்தாணியும் எடுக்கும். இன்னொன்று ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்கும். பெரிய பிள்ளைகள் எண்சுவடியில் இருப்பார்கள். வகுப்பு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த அடி வைக்கும். மூத்தவனான சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைப்பான். தப்பாகச் சொன்னால் திருத்துவான். தாத்தா நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் அவரிடம் வந்து பாடம் ஒப்பிக்கும். சரியாக இருந்தால் அடுத்த பாடம். இல்லையென்றால் அதே பாடம் மறுபடியும்.

"பள்ளிக்கூடத்துல சத்தம் பிள்ளைங்களோடதா இருக்கணும் பாப்பா. வாத்தியார் சத்தம் தெருவுக்குக் கேட்டா அன்னிக்குப் பாடம் நடக்கலைன்னு அர்த்தம்" என்பார் தாத்தா. சுண்ணாம்புத் தூளும் கத்தலுமாக நாள் முழுக்க நின்று, மாலையில் வீட்டில் பேச்சு வராமல் மிளகுப் பால் குடித்த ஆசிரியைகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தாத்தாவுக்கு எழுபது வயதிலும் குரல் கணீரென்று இருந்தது. திண்ணையில் அவர் குறைவாகத்தான் பேசினார். கேட்பதுதான் அவருக்குப் பெரும்பாலான வேலை.

எண்சுவடி என்பது சும்மா வாய்ப்பாடு அல்ல. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல், குழிமாத்து என்று பகுதி பகுதியாகப் போகும். பொன்னிலக்கத்தில் பின்னங்கள் வரும்: ஒன்றை 320 பங்கிட்டால் ஒரு பங்கு முந்திரி, 80 பங்கிட்டால் காணி, 20 பங்கிட்டால் மா. நெல்லிலக்கத்தில் அளவைகள்: 5 செவிடு ஒரு ஆழாக்கு, 8 நாழி ஒரு குறுணி, 3 தூணி ஒரு கலம். குழிமாத்து நிலத்தின் பரப்புக் கணக்குக்கு. களத்து மேட்டில் நெல் அளக்கும் இடத்திலும், கடைத் தராசின் முன்னாலும், கணக்குப்பிள்ளையின் ஓலையிலும் நடந்த கணக்குகள் இவை. இந்தச் சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு போன்றோர், மனப்பாடம் என்று நாம் ஒதுக்கிவைத்த பயிற்சிக்குள் கணக்குப் போடும் திறன் எப்படி வளர்க்கப்பட்டது என்று காட்டியிருக்கிறார்கள். வாத்தியார் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. படித்ததன் பயன் அன்று மாலையே பிள்ளையின் வீட்டில் தெரிந்தது. நெல் அளக்கும்போது பிள்ளை கணக்குச் சொன்னால், அப்பனுக்கு வாத்தியார் மேல் தானாக மரியாதை வரும். தன் வேலைக்கு அர்த்தம் உண்டா என்ற சந்தேகம் அந்த வாத்தியாரை அரித்திருக்காது. ஆசிரியர்களின் மனச்சோர்வில் பாதி அந்தச் சந்தேகத்தில்தான் தொடங்குகிறது.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தாத்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் பரவலாக இருந்த வழக்கம் இது. ஒருவனுக்குக் காந்தள், ஒருவனுக்கு மீன்கொத்தி, ஒருவனுக்குத் திருவையாறு. பிள்ளைகளின் முகத்தைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் வாத்தியார் வீட்டுக்குள் போவார். இந்த ஒன்றை நான் என் வகுப்புக்குக் கொண்டுபோனேன். சுற்றறிக்கை எதுவும் கேட்காத வேலை. எந்த நாள் எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும், அந்தக் கடைசி ஐந்து நிமிஷம் என்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது.

ஓய்வும் ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை ஒட்டிய பிரதமை என்று தாத்தாவின் பள்ளிக்கு வாவு விடுமுறை உண்டு. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கிடைக்கும் காசு வாத்தியாருக்கு. புதுச் சுவடி தொடங்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து தேங்காய், பழம், துணி வரும். அறுவடையில் நெல் வரும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் திண்ணை ஒரு பொற்காலம் போலத் தோன்றும். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். வந்த கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். வகுத்துப் பார்த்தால் ஒரு வாத்தியாருக்குப் பதினைந்து பிள்ளைகள். இன்றைக்கு எந்த ஆசிரியரும் ஆசைப்படும் எண்ணிக்கை. ஆனால் அந்தப் பதினைந்து பேரும் மாதம் நாலணாவிலிருந்து எட்டணா வரைதான் கொடுக்க முடிந்தது. வாத்தியாரின் வருமானம் மாதம் 6 அல்லது 7 ரூபாயைத் தாண்டுவதில்லை என்றும், இந்தக் காசுக்குத் தகுதியானவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றும் மன்றோவே எழுதினார். தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய், ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் அரசுச் சம்பளம் தரலாம் என்று யோசனை சொன்னார். மறு ஆண்டே காலரா கண்டு பத்திகொண்டாவில் இறந்துபோனார். அந்த யோசனைப்படி தொடங்கிய பள்ளிகள் 1836இல் மூடப்பட்டன. வாத்தியாரின் வயிற்றைப் பற்றி ஒரு கவர்னர் கவலைப்பட்டு எழுதிய அந்த யோசனை நிலைக்கவில்லை.

அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே இல்லை. ஊர் கொடுத்த நெல்லில் வாழ்ந்த வாத்தியார், ஊர் வகுத்த எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. என்னைப் போன்ற பெண் தாத்தாவின் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது. அந்தக் கதவைத் திறந்தவை பின்னால் வந்த மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும்தான். அதை மறந்துவிட்டுத் திண்ணையைப் புகழ எனக்கு மனம் வராது.

அடியும் உண்டு. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் காலை வருகையைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குப் பூஜ்யம். மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு தட்டு; அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு வரிசைப்படி அடி கூடிக்கொண்டே போகும். சோம்பேறிப் பிள்ளையைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதையும் அவர் குறித்திருக்கிறார். நம் ஊரில் அதற்குக் கோதண்டம் என்று பெயர். பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளைகள் நடுங்கி ஒளிந்துகொண்ட கதைகள் நம் பாட்டன்மார் எல்லோரிடமும் உண்டு.

தாத்தாவும் அடித்தவர்தான். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஐப்பசி, கார்த்திகையில குதிர் காலியாயிடும். தை அறுப்பு வரைக்கும் யார் வீட்டுலயும் நெல்லு வராது. அந்த மாசங்கள்லதான் பிரம்பு அதிகமா எடுத்தேன். பிள்ளைங்க அந்த மாசம் மட்டும் மக்காயிடுமா என்ன?"

ஆசிரியர் நலம் என்பதைப் பற்றி எத்தனையோ பயிற்சி முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். தாத்தா சொன்ன அளவுக்கு எதுவும் எனக்குப் புரியவைக்கவில்லை. அவர் அன்பில்லாதவர் அல்லர். ஆனால் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து எழுந்து வருகிறவரிடம் நாள் முழுக்கப் பொறுமை இருக்க வேண்டுமென்று ஊர் எதிர்பார்த்தது. அந்தப் பொறுமைக்கான கூலியை அது கொடுக்கவில்லை. கொடுக்காத கூலியைப் பிள்ளைகள் தங்கள் முதுகில் வாங்கிக்கொண்டார்கள்.

இனி பெல்லின் முறை கடல் கடந்து என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். அதே காலத்தில் லண்டனில் ஜோசஃப் லங்காஸ்டர் என்பவரும் இதே வழியில் பள்ளி நடத்தினார். பெரிய கொட்டகை, வரிசை வரிசையாகப் பலகைகள், ஆயிரம் பிள்ளைகள், ஒரே ஆசிரியர். நம் திண்ணையில் பதினைந்து பிள்ளைகளுக்கு நடுவே வாத்தியாரின் சுமையை இறக்கிவைத்த வழி, அங்கே ஆலை நகரங்களில் ஆசிரியர் செலவை மிச்சம் பிடிக்கும் வழியாக மாறியது. பிள்ளையும் பிள்ளையும் சேர்ந்து படிப்பது நல்லது என்பது பின்னுக்குப் போய், மலிவு முன்னுக்கு வந்தது. ஒரு நல்ல கற்பித்தல் முறையைச் சிக்கனத்துக்காக எடுத்தால் அதன் உயிர் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இங்கே 1854இல், இந்தியக் கல்வியைப் பற்றிய சார்லஸ் வுட்டின் அறிக்கை வந்தது. தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் வழக்கம் வந்தது. 1860களில் சென்னை மாகாணத்தில் 'பலனுக்கேற்ற மானியம்' நடைமுறையானது. இங்கிலாந்தில் 1862இல் கொண்டுவந்த ஏற்பாட்டின் நகல் அது. ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்குப் பணம். திண்ணை வாத்தியார்கள் பலர் மானியத்துக்காக இந்த வளையத்துக்குள் வந்தார்கள். அன்று காலை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வாத்தியார் வீட்டில் அந்த ஆண்டு அரிசி குறையும். இங்கிலாந்தில் இன்ஸ்பெக்டர் வேலையிலேயே 35 ஆண்டு இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு, இந்த முறை பாடத்தை இயந்திரமாக்கிவிடும் என்று எதிர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேயும் அது கைவிடப்பட்டது. ஆனால் அதன் பயம் பள்ளிக்கூடத்தைவிட்டுப் போகவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அதிகாரிகளின் ஆய்வைக் குறிக்கும் 'பார்வை' என்ற சொல்லைக் கேட்டாலே பதிவேடுகளைத் தேடி ஓடினோம். பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பார்க்காமல், தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடியவர்களாக ஆசிரியர் பார்க்கத் தொடங்குவது அந்தப் பயத்தால்தான்.

தாத்தாவின் திண்ணை ஓய்ந்த காலத்தில் சுற்று ஊர்களில் அரசு உதவி பெறும் பள்ளிகள் வந்திருந்தன. அவற்றின் வாத்தியார்களுக்கு ஓய்வூதியம் இல்லை; வேலை நிர்வாகியின் தயவில் இருந்தது. வயதான வாத்தியார் கண் தெரியாமல் போகும்வரை பாடம் நடத்தினார், அல்லது மகன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். 1955இல் காமராஜர் ஆட்சியில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது. கல்வித் துறையை அப்போது நடத்தியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அடுத்த ஆண்டு மதிய உணவுத் திட்டம் விரிந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவைப் பிள்ளைகளின் திட்டம் என்று மட்டுமே சொல்கிறோம். பசித்த பிள்ளைக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவது ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வேதனையை அந்தத் திட்டம் நீக்கியது. பிள்ளைக்குச் சோறும் வாத்தியாருக்கு ஓய்வூதியமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்ததைத் தமிழகக் கல்வியின் மிகப் பெரிய திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற வகுப்புகளில் கூச்சல். தாத்தாவின் திண்ணையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்போடு உட்காரவைத்தேன். அவர்கள் வாசித்துக்காட்ட, சின்னப் பிள்ளைகள் கூடச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கும் அதே பாடம் இன்னும் ஆழமாக இறங்கியது. கேம்ப்பெல் பெல்லாரியில் பாராட்டியதும் இதைத்தான். என் குரலுக்கு ஓய்வு கிடைத்தது. ஒவ்வொரு பிள்ளையாக அருகில் கூப்பிட்டு உட்காரவைக்க நேரம் கிடைத்தது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் உருவான அட்டைகளின் வழி அது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, தரையில் பாய், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வேகத்தில் ஏறும் ஏணிப்படி. முதல்முறை அந்த வகுப்பறையைப் பார்த்தபோது எனக்குப் புதுமையாகத் தெரியவில்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில், ஆசிரியர் நடுவில் பாயில். இந்தத் தடவை பிரம்பு இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் சரிபாதி இருந்தார்கள். தாத்தாவின் திண்ணையில் நல்லதாக இருந்தது எல்லோருக்குமாகத் திரும்பி வந்திருந்தது.

நல்ல முறைதான். ஆனால் அட்டையை ஒழுங்குபடுத்துவது, பதிவேடு எழுதுவது, அடைவுத்தாள் நிரப்புவது என்று அதன் மேலும் சுமை ஏறியது. இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையை வகுத்துப் பாடம் நடத்துகிறார்கள். என்னிடம் வரும் இளம் ஆசிரியைகள் திட்டத்தைக் குறை சொல்வதில்லை. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற இரவு பதினோரு மணி ஆகிறது என்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண்கள் போனில் இருக்கின்றன என்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கு ஒரு நாள் வந்தார். இப்போது நாள்தோறும் வருகிறார்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களைக் கவனித்துக்கொள்வது பிள்ளைகளிடமிருந்து திருடும் நேரம் அல்ல. தொண்டையைக் காப்பாற்றுங்கள், பிள்ளைகளைப் பேசவிடுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியையோடு ஒரு பாடத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள். தாத்தாவுக்கு அப்படி ஒரு துணை கடைசிவரை கிடைக்கவில்லை. இன்று கை ஏன் ஓங்கியது என்று இரவில் ஒரு நிமிஷம் யோசியுங்கள். பதில் பெரும்பாலும் பிள்ளையிடம் இருக்காது.

கல்வித் துறையிடம் கேட்பதும் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் கூடும் குறுவள மையங்களில் நடக்கும் கூட்டங்கள் படிவங்களை விளக்கும் கூட்டங்களாகவே முடிந்துவிடுகின்றன. அதில் பாதி நேரத்தை ஆசிரியர்கள் தங்களுக்குள் பேச விட்டுக்கொடுக்கலாம்: எந்தப் பிள்ளைக்கு எது ஏறவில்லை, தான் என்ன செய்து பார்த்தேன், எங்கே சோர்ந்தேன் என்று. புதிய திட்டம் ஒன்றை அறிவிக்கும்போது, அது ஆசிரியரின் எந்த வேலையைக் குறைக்கிறது என்பதையும் அதே ஆணையில் எழுதட்டும். எதையும் குறைக்கவில்லை என்றால், அந்தத் திட்டத்தின் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று இருநூறு ஆண்டு வரலாறு நமக்குச் சொல்லியிருக்கிறது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைதான் கொடுக்கும்.